பட்டாசலோடு நின்றுவிடும் வைஃபை

இரவு பத்து மணி. இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கத் தொடங்கிவிட்ட நேரம். சவூதியின் தம்மாமில் அப்போது மணி ஏழரை. வேலை முடிந்து அறைக்குத் திரும்பிய மகன், உம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்று கைபேசியில் அழைக்கிறான். அடுக்களையில் பாத்திரங்களை ஒதுங்க வைத்துக்கொண்டிருந்த உம்மா, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழைப்பை எடுக்கிறார். மகனின் முகம் ஒரு கணம் தெரிகிறது; பிறகு அசைவற்று நின்றுவிடுகிறது. "பட்டாசலுக்கு வாங்கம்மா, பட்டாசலுக்கு வாங்க" என்ற குரல் மட்டும் விட்டுவிட்டுக் கேட்கிறது. பட்டாசலிலோ வாப்பாவைப் பார்க்க வந்த இருவர் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாங்கட்டின் வாசற்படி வரை வந்த உம்மா, அங்கேயே நின்று, "நாளைக்குப் பேசுவோம் வாப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

மேலப்பாளையம், பேட்டை, பத்தமடை, கடையநல்லூர், காயல்பட்டினம் என்று தாமிரபரணியை ஒட்டியும் அதன் கிளையாறுகளை ஒட்டியும் அமைந்த நம் ஊர்களில், இந்தக் காட்சி நடவாத தெரு இருக்காது. மாதந்தோறும் பணம் கட்டி வாங்கிய இணைப்பு. நூறு மெகாபிட் வேகம் என்று சொல்லித் தரப்பட்ட இணைப்பு. அது பட்டாசலில் ஓடுகிறது, அடுக்களையில் நிற்கிறது. "புது ரூட்டர் வாங்கினால் சரியாகிவிடும்" என்று ஒருவர் சொல்கிறார். "ஆறு ஆன்டெனா உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்" என்று மற்றொருவர் சொல்கிறார். பல ஆயிரம் ரூபாய் செலவழித்த பின்னரும் உம்மா வாசற்படியிலேயே நிற்கிறார்.

பணத்தைச் செலவழிக்குமுன் சில செய்திகளை அறிந்துகொண்டால் இந்தக் குறையைப் பெரும்பாலும் சிறு செலவிலேயே, சில வேளைகளில் செலவே இல்லாமலும் தீர்த்துவிடலாம். அவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் வீடுகளின் அமைப்பு

திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகள் அகலத்தில் குறுகி, நீளத்தில் ஓடுபவை. தெருவை ஒட்டித் தார்சா; அதை அடுத்துப் பட்டாசல்; பிறகு இரண்டாங்கட்டு, அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் செல்லும். பக்கத்து வீட்டின் சுவரும் நம் சுவரும் ஒன்றாகவே இருக்கும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய அந்தச் சுவர்கள் வெயிலைத் தடுக்கும் வண்ணம் கனமாகக் கட்டப்பட்டவை. வெயிலைத் தடுத்த அதே சுவர்தான் இன்று வைஃபையையும் தடுக்கிறது.

மற்றொரு காரணமும் உண்டு. கேபிள்காரர் தெருக் கம்பத்திலிருந்து ஃபைபர் கம்பியை இழுத்து வருகிறார். முதலில் அகப்படும் அறை பட்டாசல். அங்கேதான் டி.வி.யும் இருக்கிறது. எனவே டி.வி.க்கு மேலேயோ, ஷோகேசுக்கு உள்ளேயோ பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவருக்கு அது பத்து நிமிட வேலை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: இந்த வீட்டில் இணையம் முன்கட்டில் அமர்பவர்களுக்கு உரியது, பின்கட்டில் புழங்குபவர்களுக்கு உரியது அன்று!

பின்கட்டில் புழங்குபவர்கள் யார்? சமைக்கும் உம்மா. படுக்கையில் இருக்கும் மூதாட்டி. பரீட்சைக்குப் படிக்கும் மகள். கொரோனா ஊரடங்கின்போது 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. நெடுநாள் பாடங்கள் கைபேசியில் நடந்தன. அண்ணன் பட்டாசலில் அமர்ந்து பாடம் கேட்டான். வருவோர் போவோர் முன் அமர விரும்பாத தங்கை தட்டட்டியில் வெயிலில் நின்று கேட்டாள். அந்நாட்கள் போய்விட்டன, ஆயினும் இணையவழிப் பயிற்சி வகுப்புகளும், விண்ணப்பங்களும், வீட்டிலிருந்தபடி செய்யும் வேலைகளும் போகவில்லை. எனவே வைஃபை வீட்டின் எந்த மூலை வரை எட்டுகிறது என்பது, அவ்வீட்டில் யாருக்கு எந்த வாய்ப்பு எட்டுகிறது என்ற கேள்வியாகவும் இருக்கிறது.

குறை எங்கே? முதலில் கண்டறியுங்கள்

"நெட் வரவில்லை" என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு குறைகளை நாம் குறிப்பிடுகிறோம். தெருவிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பில் உள்ள குறை ஒன்று. வீட்டுக்குள் பெட்டியிலிருந்து கைபேசிக்குச் செல்லும் அலையில் உள்ள குறை மற்றொன்று. முதற்குறைக்கு ரூட்டரை மாற்றிப் பயனில்லை. இரண்டாம் குறைக்குக் கேபிள்காரரைத் திட்டிப் பயனில்லை.

இதைப் பிரித்தறிவது எளிது. பெட்டிக்கு ஐந்தடி தூரத்தில் நின்று கைபேசியில் ஸ்பீட் டெஸ்ட் செய்து, வந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடுக்களைக்குச் சென்று அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு இடத்திலும் வேகம் குறைவு என்றால் குறை இணைப்பில் இருக்கிறது. பெட்டியின் அருகே வேகம் நன்றாக இருந்து அடுக்களையில் மட்டும் விழுந்துவிட்டால் குறை வீட்டுக்குள் இருக்கிறது. பெட்டியில் 'லாஸ்' என்ற சிறு விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் கம்பியே அறுபட்டிருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது என்று பொருள்.

வேகக் கணக்கிலும் ஒரு தெளிவு வேண்டும். முகம் பார்த்துப் பேசும் அழைப்புக்கு வினாடிக்கு 2 முதல் 4 மெகாபிட் போதும். தெளிவான திரைப்படக் காட்சிக்கு 5 மெகாபிட் அளவில் போதும். மகனோடு பேசுவதற்கு 300 மெகாபிட் திட்டம் வேண்டியதில்லை. 50 மெகாபிட் திட்டமே வீடு முழுவதும் ஒழுங்காகப் பரவினால், பட்டாசலோடு நின்றுவிடும் 300 மெகாபிட்டைவிட அது மேலானது. வேகத்தை உயர்த்தி வாங்குவது, தண்ணீர் எட்டாத அறைக்காக மேல்தொட்டியைப் பெரிதாக்குவது போன்றது. தொட்டியில் குறையில்லை, குழாய்தான் போகவில்லை.

அலை எவ்வாறு தேய்கிறது?

வைஃபை என்பது வானொலி அலைதான், ஒளியின் உடன்பிறப்பு. ஒளி நேர்கோட்டில் செல்கிறது என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சோதனைகளால் நிறுவியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம். 'கிதாபுல் மனாழிர்' என்னும் அவருடைய நூல் பின்னர் ஐரோப்பிய ஒளியியலுக்கு அடிப்படையாயிற்று. ஒளி சுவரைக் கடப்பதில்லை. வானொலி அலையோ கடக்கும். 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் கம்பியில்லா அலையைச் சுவர்களின் ஊடே செலுத்தி, அப்பால் ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். ஆனால் கடக்கும் ஒவ்வொரு சுவரிலும் அந்த அலை தன் வலிமையில் ஒரு பங்கைக் கப்பமாகக் கட்டிவிட்டே போகிறது.

அந்தக் கப்பம் பெருக்கல் கணக்கில் ஏறுவது. ஒரு கனத்த சுவர், வந்த அலையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் அப்பால் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் சுவருக்கு அப்பால் எஞ்சுவது நூறில் ஒரு பங்கு. மூன்றாம் சுவருக்கு அப்பால் ஆயிரத்தில் ஒரு பங்கு. முன்கட்டிலிருந்து அடுக்களை வரை நம் வீடுகளில் எத்தனை சுவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கைபேசிக்கு எட்டும் அலையின் வலிமையை 'டி.பி.எம்.' என்ற அளவால் குறிப்பார்கள். ஆண்ட்ராய்டு கைபேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவினால் அந்த எண் தெரியும். அது மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 50 மிக நன்று. மைனஸ் 67 வரை முகம் பார்த்துப் பேசலாம். மைனஸ் 70ஐத் தாண்டினால் தடுமாறும். மைனஸ் 80ஐத் தாண்டினால் பெயர் மட்டும் தெரியும், பேச இயலாது. பத்து எண் இறங்கினால் வலிமை பத்தில் ஒன்றாகிவிட்டது என்று பொருள்.

இரும்பும் நீரும் சுவரைவிடக் கடுமையான தடைகள். இரும்பு பீரோ, பிரிட்ஜ், பின்னால் ரசம் பூசிய நிலைக்கண்ணாடி, மீன் தொட்டி, கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஆகியவற்றின் பின்னால் அலை பெரிதும் குன்றிவிடும். பெட்டியை பீரோவின் மேல், சுவரோரமாக வைத்திருக்கும் வீடுகள் பல. பீரோ எத்திசையில் நிற்கிறதோ அத்திசை அறைகளுக்கு வைஃபை இல்லை என்று எழுதி ஒட்டியதற்கு ஒப்பானது அது.

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். அது வேகம் குறைந்தது. ஆனால் சுவர்களைக் கடந்து நெடுந்தூரம் செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதி நீளம்கூட இராது. அது மிக வேகமானது. ஆனால் கனத்த சுவர் இரண்டைக் கடப்பதற்குள் களைத்துவிடும். பட்டாசலில் இருக்கும் டி.வி.க்கு 5ஐயும், தொலைவில் இருக்கும் கைபேசிக்கு 2.4ஐயும் பயன்படுத்துவது முறை. நுண்ணலை அடுப்பும் 2.4க்கு அருகிலேயே இயங்குவதால், அது சுழலும்போது அருகிலிருக்கும் கைபேசி தடுமாறுவது இயல்பு.

செலவில்லாத மருந்து: இடமாற்றம்

மின்சாரம் வராத காலத்தில் ஒரே ஓர் அரிக்கேன் விளக்கு இருந்த வீட்டில் அதை எங்கே மாட்டினார்கள்? தெருவாசலிலா? இரண்டாங்கட்டின் நடுவில், உயரத்தில், முன்னும் பின்னும் வெளிச்சம் விழும்படி மாட்டினார்கள். ரூட்டரையும் அத்தகைய விளக்காகவே எண்ணவேண்டும்.

வீட்டின் நீளத்தில் நடுவான இடம். தரையிலிருந்து ஐந்தாறடி உயரம். சுற்றிலும் இரும்போ கண்ணாடியோ இல்லாத திறந்த மூலை. முற்றம் உள்ள வீட்டில் முற்றத்தைப் பார்த்த தாழ்வாரம் மிக நல்லது. ஏனெனில் திறந்த வெளியில் அலைக்குத் தடையில்லை. ஆனால் மழைச்சாரல் படாத இடமாகப் பார்க்கவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: பெட்டி பட்டாசலில் இருக்கும்போது அங்கே மைனஸ் 40, இரண்டாங்கட்டில் மைனஸ் 58, அரங்கில் மைனஸ் 70, அடுக்களையில் மைனஸ் 82 என்று இருக்கலாம். அதே பெட்டி இரண்டாங்கட்டுக்கு வந்தால் பட்டாசலில் மைனஸ் 58, அரங்கில் மைனஸ் 55, அடுக்களையில் மைனஸ் 67 என்று மாறக்கூடும். பட்டாசலில் இருப்போர் ஒன்றும் இழக்கவில்லை. அடுக்களையில் இருப்போர் பேசத் தொடங்கிவிட்டார்கள். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

பெட்டியை உள்ளே கொண்டுபோகக் கேபிள்காரரிடம் ஃபைபர் கம்பியை இன்னும் சில அடி நீட்டித் தரும்படி கேட்கலாம். இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது. அன்று அவர் கையில் கம்பி இருக்கும். ஃபைபர் என்பது மயிரிழை போன்ற கண்ணாடி நார். அதைச் சுவர் மூலையில் செங்குத்தாக மடிக்கக்கூடாது, வளைத்தே கொண்டுசெல்லவேண்டும். கதவிடுக்கில் நசுங்க விடக்கூடாது. அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே வருவது லேசர் ஒளி.

ஆன்டெனாவைப் பற்றியும் ஒரு சொல். நிமிர்ந்து நிற்கும் ஆன்டெனா தன்னைச் சுற்றிப் பக்கவாட்டில் அலையைப் பரப்புகிறது. தலைக்கு நேர் மேலே மிகக் குறைவாகவே அனுப்புகிறது. வீடு ஒரே தளமாயின் எல்லாவற்றையும் நிமிர்த்தி வையுங்கள். மாடியும் உண்டென்றால் ஒன்றைக் கிடைமட்டமாகச் சாய்த்து வையுங்கள். அலைகள் சுவர்களில் பட்டு எதிரொலிப்பதால், பெட்டியை அரையடி நகர்த்தினாலேகூட ஓர் அறையில் நிலைமை மாறக்கூடும். ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு, ஒருவர் பெட்டியை நகர்த்த, மற்றொருவர் அடுக்களையில் நின்று எண்ணைப் படித்துச் சொல்லட்டும்.

இடம் மாற்றியும் எட்டாவிட்டால்

எண்பதடி நீளமுள்ள வீட்டுக்கும், மாடி வீட்டுக்கும் ஒரு பெட்டி போதாமல் போகலாம். அப்போது மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கம்பி. பெட்டியிலிருந்து பின்கட்டு வரை 'கேட் 6' எனப்படும் லேன் கம்பியை இழுத்து, அதன் முனையில் இரண்டாவது ரூட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் வைப்பது. இந்தக் கம்பி நூறு மீட்டர் வரை வேகம் குன்றாமல் கொண்டுசெல்லும். நம் வீடுகளுக்கு அது தாராளம். முழுத் தாமிரக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய கம்பி மலிவாகக் கிடைக்கும், நாளடைவில் தொல்லை தரும். மின்கம்பி செல்லும் குழாயிலேயே இதையும் செலுத்தக்கூடாது. பரணில் கிடக்கும் பழைய ரூட்டரில் ஆக்சஸ் பாயின்ட் வசதி இருந்தால் அதையே பயன்படுத்தலாம், வீண்விரயம் தவிரும். இரண்டிலும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வைத்தால், பட்டாசலிலிருந்து அடுக்களைக்கு நடக்கும்போது கைபேசி பெரும்பாலும் தானே மாறிக்கொள்ளும். நம் வீடுகளுக்கு மிகச் சிறந்த வழி இதுவே.

இரண்டாம் வழி, 'மெஷ்'. இரண்டு அல்லது மூன்று பெட்டிகள் ஒரு குடும்பம் போல ஒன்றோடொன்று பேசி, ஒரே பெயரில் வீடு முழுவதும் பரப்புவது இது. கம்பி இழுக்க வழியில்லாத வீட்டுக்கு ஏற்றது, விலை கூடுதல். மெஷ் பெட்டிகளையும் கம்பியால் இணைக்க முடிந்தால் இன்னும் நன்று.

மூன்றாம் வழி, 'ரிப்பீட்டர்'. பிளக்கில் செருகும் சிறு பெட்டி. விலை குறைவு. ஒரே அலைவரிசையில் கேட்டு, அதிலேயே திரும்பச் சொல்வதால் வேகம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆயினும் பேசுவதற்குப் போதும். பலர் இதை அலை எட்டாத அடுக்களையிலேயே செருகிவிட்டுப் பயனில்லை என்கிறார்கள். தனக்கே கேட்காததை அது எவ்வாறு திரும்பச் சொல்லும்? அலை இன்னும் நன்றாக இருக்கும் நடுவழியில், மைனஸ் 60 அளவில் உள்ள இடத்தில் அதை வைக்கவேண்டும். மெஷ் பெட்டிக்கும் இதே விதிதான்.

புதிய ரூட்டர் வாங்கும்போது

இத்தனைக்கும் பிறகு புதிய ரூட்டர் தேவைப்பட்டால், அட்டைப்பெட்டியின் மேலுள்ள பெரிய எழுத்துகளைக் கண்டு மயங்காதீர்கள். 'ஏ.எக்ஸ். 1500', 'ஏ.எக்ஸ். 3000' என்ற எண்கள் இரண்டு அலைவரிசைகளின் உச்ச வேகங்களைக் கூட்டிப் போட்டவை. சோதனைக்கூடக் கணக்கு அது. எந்தக் கைபேசியும் அவ்வேகத்தை வீட்டில் காண்பதில்லை.

ஆன்டெனாக்கள் அதிகமானால் சுவரைத் துளைக்கும் என்பதும் தவறு. அலையின் வலிமைக்குச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது. நம் நாட்டில் 2.4 அலைவரிசை 2005இலும், 5 கிகாஹெர்ட்ஸில் பெரும்பகுதி 2018இலும் உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டன. வலிமைக்கு வரம்பு கட்டியே திறந்துவிட்டார்கள். மேலும், ரூட்டர் உரக்கக் கூவினாலும் கைபேசி மெல்லிய குரலில்தான் விடை சொல்லும். அந்த விடை திரும்பி வந்து சேராவிட்டால் உரையாடல் நடவாது. கைபேசியில் கோடுகள் நிறையத் தெரிந்தும் நெட் ஓடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பார்க்க வேண்டியவை இவை: இரண்டு அலைவரிசையும் உண்டா? வைஃபை 6 தரமா? 1997இல் தொடங்கிய வைஃபை தரம் பல தலைமுறை கண்டது. 2009இல் நான்காம் தலைமுறை, 2013இல் ஐந்தாம் தலைமுறை, 2021இல் ஆறாம் தலைமுறை நிறைவு பெற்றன. ஏழாம் தலைமுறையும் வந்துவிட்டது. ஆயினும் பேச்சுக்கும் படிப்புக்கும் ஆறாம் தலைமுறை தாராளம். அது ஒரே நேரத்தில் பல கருவிகளைக் கையாள்வதில் முந்தையவற்றைவிடத் தேர்ந்தது. கம்பித் துளைகள் 'கிகாபிட்' வேகம் உடையவையா? 'டபிள்யூ.பி.ஏ. 3' பாதுகாப்பு உண்டா? ஆக்சஸ் பாயின்ட் முறையும் விருந்தினர் இணைப்பும் உண்டா? உத்தரவாதம் எத்தனை ஆண்டு? கடைக்காரர் மாற்றித் தருவாரா? கேபிள் நிறுவனம் தந்த பெட்டியோடு அது இசைந்து வேலை செய்யுமா என்பதை வாங்குமுன் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்டை வீட்டாரின் உரிமை

சுவரைப் பங்கிட்டு வாழும் தெருவில் அலையையும் பங்கிட்டே வாழவேண்டியிருக்கிறது. 2.4 அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடியவை மூன்று தடங்களே: 1, 6, 11. தெருவில் இருபது வீடுகளிலும் பெட்டி இருந்தால், எல்லாம் இந்த மூன்று தடங்களுக்குள் அடங்கவேண்டும். அனலைசர் செயலியில் பார்த்தால் எந்தத் தடத்தில் நெரிசல் என்பது தெரியும். நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். தட அகலத்தை 40இல் வைத்து இரண்டு பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளாமல் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமும் வலமும் உள்ள வீட்டாரிடம் பேசி, ஆளுக்கொரு தடமாகப் பிரித்துக்கொண்டால் மூவருக்கும் நன்மை. டி.வி.யைக் கம்பியில் இணைத்துவிட்டால் காற்றில் நெரிசல் இன்னும் குறையும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கனத்த சுவர் நம் வீட்டுக்குள்ளேயே நிறுத்திவிடுவதால் அண்டை வீட்டாருக்கு அதனால் இடையூறு குறைவு. சுவர் இங்கே நன்மை செய்கிறது. அண்டை வீட்டாருக்கு இடர் செய்யாதிருப்பதை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பிறர் வீட்டு வைஃபையை அவர்கள் அறியாமல் பயன்படுத்துவதும் சிறு விஷயம் அன்று. அனுமதி கேட்டே பிறர் வீட்டுக்குள் நுழையவேண்டும் என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம். சுவரைக் கடந்து வரும் அலைக்கும் அதே ஒழுக்கம் பொருந்தும். அதுபோல நம் இணைப்பையும் திறந்துபோட்டு வைக்கக்கூடாது. வேறொருவர் அதன்வழியே குற்றம் செய்தால் விசாரணை முதலில் இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரிடமே வரும். பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். ரூட்டரின் அமைப்புகளைத் திறக்கும் நிர்வாகக் கடவுச்சொல் வேறு, அதையும் மாற்றவேண்டும். விருந்தினருக்கு விருந்தினர் இணைப்பைத் தாருங்கள்.

பிள்ளைகளைப் பற்றிய கவலைக்கும் ரூட்டரிலேயே ஓரளவு பரிகாரம் உண்டு. குறித்த நேரத்தில் பிள்ளைகளின் கருவிகளுக்கு மட்டும் இணையத்தை நிறுத்தும் வசதி பல ரூட்டர்களில் இருக்கிறது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020இல் குடும்பங்களுக்கென்று வழங்கத் தொடங்கிய 1.1.1.3 என்ற டி.என்.எஸ். முகவரியை ரூட்டரில் பதித்துவிட்டால் ஆபாசத் தளங்களில் பெரும்பாலானவை திறக்காது. அதற்குக் கட்டணம் இல்லை. ஆயினும் இவை வேலிகளே. வேலி இருக்கிறது என்பதற்காகப் பெற்றோர் கண்ணை மூடிக்கொள்ளலாகாது.

வெள்ளமும் மின்வெட்டும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டது. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுந்தன. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் வீட்டாரின் குரல் கேட்காமல் தவித்தார்கள். அத்தகைய நாளில் வீட்டு வைஃபையால் எல்லாம் நடந்துவிடாது. ஆனால் சிறு முன்னேற்பாடு பயன்தரும். பெட்டியையும் அதன் பிளக்கையும் தரையோரம் வைக்காமல் உயரத்தில் அமையுங்கள். ரூட்டருக்கென்றே விற்கப்படும் சிறிய யு.பி.எஸ். ஒன்று, மின்சாரம் போனபின்னும் சில மணி நேரம் பெட்டியை உயிரோடு வைத்திருக்கும். வாங்குமுன் பெட்டியின் அடாப்டரில் உள்ள வோல்ட், ஆம்பியர் எண்களைக் குறித்துச் செல்லுங்கள். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

பெட்டியை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவரலாம் என்றால், "அது கதிர் வீசுமே, பிள்ளைகள் படுக்கும் இடமாயிற்றே" என்று பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. இந்த அலை எக்ஸ்ரே போல உடலின் அணுக்களைச் சிதைக்கும் வகையைச் சேர்ந்ததன்று. கம்பியில்லா வலைப்பின்னல்களின் மெல்லிய அலைகளால் உடல்நலத்துக்குக் கேடு என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2006இல் அறிவித்தது. இவ்வகை அலைகளைப் 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்ற ஐயப்பட்டியலில் அதே அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011இல் சேர்த்ததும் உண்மை. அதற்கு முதன்மையான அடிப்படை, காதருகே வைத்துப் பேசும் கைபேசி பற்றிய ஆய்வுகள். தூரம் கூடக்கூட அலையின் வலிமை வேகமாகத் தேய்கிறது. தலைமாட்டில் வைக்காமல் ஐந்தாறடி உயரத்தில் வைத்துவிட்டால் அச்சத்துக்கு இடமில்லை.

இன்றே செய்யக்கூடியது

இக்கட்டுரையைப் படித்து முடித்ததும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டின் தலைவர் தம் கைபேசியை எடுத்துக்கொண்டு அடுக்களையில் போய் அமரட்டும். அங்கிருந்தபடி துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் உறவினர் ஒருவரை முகம் பார்த்து அழைக்கட்டும். பிறகு மகள் படிக்கும் இடத்தில், மூதாட்டி படுத்திருக்கும் கட்டிலருகில் அவ்வாறே அழைக்கட்டும். எங்கே படம் நிற்கிறதோ, அங்கே நம் குடும்பத்தில் ஒருவர் இத்தனை நாளும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டிருந்தார் என்று பொருள்.

அதன்பின் பெட்டியைக் கழற்றி நடுக்கட்டுக்குக் கொண்டுவருவதா, கம்பி இழுப்பதா, புதிது வாங்குவதா என்பதை அவர்களையும் அருகில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கை முறையாகச் சேர்ப்பது குடும்பத் தலைவரின் பொறுப்பு. இன்ஷா அல்லாஹ், நாளை இரவு பத்து மணிக்கு அழைப்பு வரும்போது உம்மா வாசற்படிக்கு வந்து நிற்கவேண்டியிருக்காது. தாம் இருக்கும் இடத்திலேயே அமர்ந்து, மகனிடம் சாப்பிட்டாயா என்று நிதானமாகக் கேட்பார்.